இன்ஸ்டால போட்ட டிசைன் யாருக்குச் சொந்தம்?

2 ஜூன் 2025, ராத்திரி. வந்த கேள்வி

அண்ணா, பெங்களூர் கம்மனஹள்ளில வீட்டுலயே ஆரி வொர்க் பண்றேன், கல்யாண பிளவுஸ்தான் முக்காவாசி. ஆர்டர் பூரா இன்ஸ்டா பேஜ் பாத்துத்தான் வருது. எங்க சித்தப்பா பையன் லா காலேஜ்ல படிக்கிறான், அவன் என்னடான்னா இன்ஸ்டால ஏத்திட்டாலே அது அவங்களுக்கு சொந்தம் அக்கா, உனக்கு பேச உரிமையே கிடையாதுங்கிறான். இப்ப சிக்பேட்டைல ஒரு கடைக்காரங்க என்னோட மயில் டிசைன் போட்டோவ அப்படியே தூக்கி, ஓரத்துல இருந்த என் பேர வெட்டிட்டு, அவங்க பேஜ்ல போட்டு விலையும் எழுதியிருக்காங்க. இது ஒரு பக்கம்னா இன்னொருத்தர் பேஜையே விலைக்கு குடுங்கன்னு மெசேஜ் மேல மெசேஜ். பேஜ பிரைவேட்டுக்கு மாத்திட்டு வாட்ஸாப்ல மட்டும் ஓட்டிடலாமான்னு இருக்கு. சொல்லுங்கண்ணா.

3 ஜூன், காலைல. என் பதில்

பிரைவேட்டுக்கு மாத்தாதீங்கம்மா. ஆர்டர் பாதியாயிடும், சிக்பேட்டைக்காரர் எடுத்தது எடுத்ததுதான்.

தம்பி சொன்னதை பரிட்சைல எழுதினா மார்க் வராது. இன்ஸ்டாவ நடத்தற மெட்டாவோட விதிமுறைலயே நீங்க போடறது உங்களுக்குத்தான் சொந்தம்னு எழுதியிருக்கு. அவங்க வாங்கிக்கறது லைசென்ஸ், அதாவது உபயோகிக்க அனுமதி. அது ரொம்ப அகலமான அனுமதி, அதுல சந்தேகமே இல்ல: உலகம் பூரா, காசு இல்லாம, சேத்து வைக்கலாம், காப்பி எடுக்கலாம், காட்டலாம், மாத்தலாம், மொழிபெயர்க்கலாம், இன்னொருத்தருக்கும் அந்த அனுமதிய கைமாத்தி விடலாம். ஆனா அவங்களுக்கு மட்டுமே தந்த அனுமதி கிடையாது. அதே போட்டோவ நீங்க காலண்டர் அடிச்சு விக்கலாம், பத்திரிகைக்கு குடுக்கலாம், யூடியூப்ல போடலாம், இன்ஸ்டா கேள்வி கேக்க முடியாது.

நம்ம நாட்டு சட்டத்துல, 1957 காப்புரிமைச் சட்டத்துல (காப்பிரைட்), உரிமைய இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், உரிமைக்காரர் கையெழுத்து இருக்கணும், அது 19வது பிரிவு. இன்ஸ்டால சேரும்போது நீங்க அமுக்கின 'சம்மதம்' பட்டனுக்கு அந்த வேலை கிடையாது, அவங்களும் அதைக் கேக்கல.

சிக்பேட்டைக்காருக்கு எந்த அனுமதியும் இல்ல. நீங்க இன்ஸ்டாவுக்கு குடுத்த லைசென்ஸை வச்சு அவர் பொழைக்க முடியாது. இன்ஸ்டாவுலயே காப்புரிமை புகார் ஃபார்ம் இருக்கு, போடுங்க. ஒரிஜினல் போட்டோ ஃபைல் போன்ல இருக்கணும், தேதியோட. ஸ்கிரீன்ஷாட் மட்டும் வச்சிருந்தா அவரும் ஒரு ஸ்கிரீன்ஷாட் காட்டுவாரு.

3 ஜூன், சாயந்திரம்

"சொந்தம் இல்லன்னா எதுக்கு அவ்வளவு பெரிய லைசென்ஸ்?"னு இதைப் படிச்ச ஒருத்தர் கேட்டிருக்காரு. நியாயமான கேள்விதான். உங்க போட்டோவ சின்னதாக்கி கட்டத்துல காட்டறது மாத்தறது, பல ஊர் சர்வர்ல வைக்கிறது காப்பி, கன்னடத்துல இருக்கற கேப்ஷன் தமிழ்ல தெரியறது மொழிபெயர்ப்பு. ஒவ்வொண்ணுக்கும் அனுமதி இல்லாம அவங்க தொழில் ஒரு நாள் கூட ஓடாது. அந்த அளவுக்கு ஒத்துக்கலாம்.

ஆனா தேவைக்கு மேல துணி வெட்டிப் பாத்த கதையும் உண்டு. 2009 பிப்ரவரில ஃபேஸ்புக் விதிமுறைய மாத்துச்சு, அக்கவுண்ட்ட நீக்கிட்டுப் போனாலும் லைசென்ஸ் அவங்க கிட்டயே இருக்கும்ங்கற மாதிரி. ஊரே கத்தினதும் சில நாள்ல பழைய விதிமுறைக்கே திரும்பிட்டாங்க. 2012 டிசம்பர்ல இன்ஸ்டாகிராம், உங்க போட்டோவ விளம்பரத்துக்கு வித்துக்குவோம்னு படிக்கறாப்பல ஒரு வாசகம் சேத்து, அதையும் திட்டு வாங்கி எடுத்தாங்க. கத்தினா கேக்கறாங்க, ஆனா கூட்டமா கத்தணும்.

3 ஜூன், ராத்திரி

இதை விட்டுட்டேன், இதான் தங்கச்சிக்கு ரொம்ப முக்கியம்.

2010 ஜனவரில ஹைட்டி நாட்டுல பூகம்பம். டேனியல் மோரல்னு அந்த ஊர் போட்டோகிராபர், இடிஞ்ச தெருவுல நின்னு எடுத்து ட்விட்டர் வழியா ட்விட்பிக்ங்கற போட்டோ தளத்துல ஏத்தினாரு. வேற ஒரு ஆள் அதை தன்னோட அக்கவுண்ட்ல போட, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அங்கேருந்து எடுத்து போட்டோ விக்கற கெட்டி இமேஜஸ் கம்பெனி மூலமா உலகம் பூரா அனுப்பிடுச்சு, அதுவும் அந்த வேற ஆள் பேர்ல. கோர்ட்டுல ஏஎஃப்பி சொன்ன வாதம்தான் நம்ம தம்பி வாதம்: ட்விட்டர்ல போட்டாச்சு, ட்விட்டர் விதிமுறைல மத்தவங்க பகிரலாம்னு இருக்கு, அதனால நாங்க எடுக்கலாம். நியூயார்க் கோர்ட் ஒத்துக்கல. ட்விட்டருக்கு குடுத்த அனுமதி ட்விட்டருக்குள்ள நடக்கறதுக்கு, நீங்க எடுத்து விக்கறதுக்கு இல்லன்னுடுச்சு. 2013ல நடுவர் குழு 12 லட்சம் டாலர் நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லுச்சு.

சிக்பேட்டைக்காரர் கிட்ட இந்தக் கதைய சொன்னா சிரிப்பாரு. பரவால்ல, ஃபார்ம் போடுங்க.

4 ஜூன்

போஸ்ட்ட நீக்கினா லைசென்ஸ் முடிஞ்சிடுமான்னு கேட்டவங்களுக்கு: முடியும், ஆனா ஒரு வால் இருக்கு. அவங்க சர்வர்லேருந்து முழுசா போக 90 நாள் வரைக்கும் ஆகலாம்னு விதிமுறையே சொல்லுது. அதே படத்தை வேற யாராவது அங்கயே போட்டு அவங்க நீக்கலன்னா அது நிக்கும். ஆக "நீக்கிட்டா போச்சு"ன்னு நிம்மதியா இருக்க வேண்டாம்.

இன்னொண்ணு. ஃபார்ம் போட்டும் கடைக்காரர் அசையலன்னா, இந்தியச் சட்டத்துலயே ஒரு வழி இருக்கு. 52வது பிரிவும் 2013 காப்புரிமை விதிகளும் சேந்து சொல்றது, முறைப்படி எழுத்துல புகார் வந்தா தளக்காரங்க 36 மணி நேரத்துக்குள்ள அதை எடுத்து வைக்கணும். அப்புறம் 21 நாளுக்குள்ள நீங்க கோர்ட் உத்தரவு கொண்டு வரணும், வரலன்னா அவங்க திருப்பி போட்டுக்கலாம். ஒரு பிளவுஸ் போட்டோவுக்கு கோர்ட்டு செலவு கட்டுமான்னா கட்டாது. முக்காவாசி பேர் முதல் நோட்டீஸ்லயே எடுத்துடுவாங்கங்கற தைரியத்துலதான் இது ஓடுது.

பொய் புகார் மட்டும் போடாதீங்க. போட்டி கடைய மூட வைக்க ஒருத்தருக்கொருத்தர் ரிப்போர்ட் அடிச்சிக்கறத நம்ம கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கமே பாத்திருக்கேன். ஆதாரம் இல்லாம மிரட்டினா, மிரட்டப்பட்டவர் உங்க மேலயே வழக்கு போட 60வது பிரிவு இடம் குடுக்குது.

5 ஜூன், மத்தியானம்

இப்ப கஷ்டமான பகுதி. போட்டோ திருடினது ஒண்ணு. அந்த மயில் டிசைன பாத்து அவங்களே தைச்சு, அவங்களே போட்டோ எடுத்துப் போட்டா?

தங்கச்சி தனியா அனுப்பின வீடியோ பாத்தேன். டிசைன பேப்பர்ல வரைஞ்சு, கோடு போற வழி பூரா ஊசியால பொடிப்பொடி ஓட்டையா குத்தி, அதை துணி மேல வச்சு, மண்ணெண்ணெயில குழைச்ச வெள்ளைப் பவுடரை பஞ்சுல தொட்டு தேய்க்கறாங்க, பேப்பரை தூக்கினா புள்ளி புள்ளியா மயில் எறங்கியிருக்கு. அப்புறம்தான் 'காட்'ங்கற ஃபிரேம்ல துணிய இழுத்துக் கட்டி ஊசி போடறது. அந்த வீடியோல பேப்பரோட ஓரம் தெளிவா தெரியுது, கை தேர்ந்த ஆள் ஒருத்தர் நிறுத்தி நிறுத்திப் பாத்தா மொத்த டிசைனையும் எடுத்துடுவாரு. வீடியோ அழகாத்தான் இருக்கு, வியூஸும் அதுக்குத்தான் வருது. பேப்பர் மேல கேமராவ நிறுத்தாதீங்கன்னு மட்டும் சொல்றேன்.

சட்டம் இங்க ரெண்டு வீடு. நீங்க பேப்பர்ல வரைஞ்ச படம் கலைப்படைப்பு, வரைஞ்ச நிமிஷமே காப்புரிமை உண்டு, பதிவு பண்ணக் கூட வேண்டாம். ஆனா மயில்ங்கற யோசனைக்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது, காஞ்சிபுரத்துக்காரங்க என்ன சொல்லுவாங்க. உங்க மயிலோட கழுத்து வளைவும், தோகைய கை முட்டி வரைக்கும் இறக்கின விதமும்தான் உங்களது.

அடுத்த வீடு 2000ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டம். ஒரு பொருள் மேல போடற டிசைன பதிவு பண்ணிக்கலாம், முதல்ல 10 வருஷம், அப்புறம் இன்னொரு 5. பதிவு பண்ணக்கூடிய டிசைன பதிவு பண்ணாம, அதை வச்சு தொழில்முறைல 50க்கு மேல செஞ்சுட்டீங்கன்னா, காப்புரிமைச் சட்டத்தோட 15வது பிரிவு கதவைச் சாத்திடுது, காப்புரிமையும் போயிடும். டிசைனர் ரிது குமார் பிராண்டு வச்சிருக்கற ரித்திகா கம்பெனி, பீபா துணிக் கம்பெனி மேல போட்ட வழக்குல 2016ல டெல்லி ஹைகோர்ட் இதைத்தான் சொல்லுச்சு. அவ்வளவு பெரிய டிசைனருக்கே இந்த நிலைமை.

சரி பதிவு பண்ணிடலாமேன்னு கிளம்பினா, அங்க ஒரு ஆப்பு. பதிவு பண்ணப் போற டிசைன் அதுக்கு முன்னாடி எங்கயும் வெளியாகி இருக்கக் கூடாது. இன்ஸ்டால போட்டாச்சுன்னா வெளியானதுதான். ஆக கேள்விய கொஞ்சம் திருப்பிக் கேளுங்க: இன்ஸ்டா உங்க டிசைன எடுத்துக்கல, நீங்க ஆசையா முதல் நாளே போட்டதுல, பதிவுக்குப் போற வழிய நீங்களே அடைச்சுக்கறீங்க. தம்பி இதைச் சொல்லியிருந்தா நானே அவனுக்கு ஃபீஸ் குடுத்திருப்பேன்.

நடைமுறைல என்னன்னா, ஒரு கல்யாணப் பொண்ணுக்கு ஒரே ஒரு தடவை போடற டிசைனுக்கு பதிவு எல்லாம் தேவையில்ல, 50ஐ நீங்க தாண்டவே மாட்டீங்க, காப்புரிமையே காப்பாத்தும். செட்டு செட்டா போட்டு ரெடிமேடா விக்கற ஒண்ணு ரெண்டு டிசைன் இருந்தா, அதை மட்டும் முதல்ல பதிவுக்கு போட்டுட்டு அப்புறம் ரீல் போடுங்க.

5 ஜூன், ராத்திரி

"மயிலுக்கு காப்புரிமை இல்லன்னா முருகன் சும்மா விடுவாரா"ன்னு கேட்ட அண்ணனுக்கு வணக்கம். படைச்சவர் காலமாகி 60 வருஷம் வரைக்கும்தான் காப்புரிமை. இங்க படைச்சவர் காலமாக மாட்டாரு, கேஸு முடியாது.

6 ஜூன்

நான் கல்யாண போட்டோ எடுக்கற ஆளு, அல்சூர் பக்கம் சின்ன ஸ்டூடியோ. அதனால இந்த சொந்தம் விஷயம் எனக்கு புஸ்தகத்துல படிச்சது இல்ல.

ஒரு முகூர்த்தம் முடிஞ்சு ஆல்பம் குடுத்தாச்சு. கொஞ்ச நாள்ல ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்ட் பேஜ்ல நான் எடுத்த படம், என் வாட்டர்மார்க் மேல அவங்க லோகோவ ஒட்டி. பேசினா, "பொண்ணு வீட்டுல குடுத்தாங்க சார், அவங்க படம்தானே"ங்கறாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஃபிரேசர் டவுன்ல ஒரு வக்கீல் நண்பர் கிட்ட போய் உக்காந்தா, அவர் டீய ஆத்திக்கிட்டே 17வது பிரிவ காட்டினாரு. ஒருத்தர் சொல்லி, அவர் குடுத்த காசுக்கு எடுத்த போட்டோவுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லன்னா, காசு குடுத்தவர்தான் முதல் உரிமையாளர். ஓவியத்துல உருவப்படம், வீடியோ, எல்லாத்துக்கும் இதேதான். அதாவது கேமரா என்னது, லென்ஸ் என்னது, கால் கடுக்க நின்னது நானு, படம் பொண்ணோட அப்பாவுக்கு.

தொழில்ல இருக்கற எத்தனையோ பேருக்கு இது தெரியாது. நெட்டுல படிக்கறது அமெரிக்கா சட்டம், அங்க எடுத்தவனுக்கே. நாம கும்புடறது அந்தச் சாமிய, நம்ம கோயில்ல இருக்கறது வேற சாமி.

இப்ப என் கொட்டேஷன் ஃபார்ம்ல ரெண்டு வரி இருக்கு. படங்களோட காப்புரிமை ஸ்டூடியோவுக்கு, குடும்பத்துக்கு தாராளமா உபயோகிக்க அனுமதி உண்டு, வியாபாரத்துக்கு மூணாவது ஆள் கேட்டா எங்க கிட்ட வரணும். அதோட கீழ இன்னொரு கட்டம், "எங்க படத்தை ஸ்டூடியோ பேஜ்ல போடலாம், போடக் கூடாது"ன்னு. போடக் கூடாதுன்னு டிக் பண்றவங்க நெறைய பேரு, குறிப்பா பொண்ணு வீட்டுக்காரங்க. அதை மதிக்கணும். தங்கச்சியும் கஸ்டமர் பொண்ணு பிளவுஸ் போட்டுக்கிட்டு நிக்கற படத்தை போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்ஸாப் மெசேஜ்லயாவது சம்மதம் வாங்கிக்குங்க. டிசைன் உங்களது, முகம் அவங்களது.

6 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினதுக்கு ஒட்டு. காப்புரிமை வேற ஆள் கிட்ட போனாலும் 57வது பிரிவுல ஒண்ணு மிச்சம் இருக்கும்: இதை நான்தான் பண்ணேன்னு சொல்லிக்கற உரிமை, அதை சிதைச்சு என் பேரைக் கெடுத்தா தட்டிக் கேக்கற உரிமை. டெல்லி விஞ்ஞான் பவன்ல அமர்நாத் சேகல் செஞ்ச பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்த அரசாங்கம் 1979ல கழட்டி கோடவுன்ல போட்டுடுச்சு, பல துண்டு காணாமலும் போச்சு. காசு குடுத்து வாங்கினது நாங்க, என்ன வேணா பண்ணுவோம்னாங்க. 2005ல டெல்லி ஹைகோர்ட், மிச்சத்த அவர் கிட்டயே திருப்பிக் குடுங்க, 5 லட்சம் நஷ்ட ஈடும் குடுங்கன்னு தீர்ப்பு சொல்லுச்சு.

சிக்பேட்டைக்காரர் பேர வெட்டினாரே, அது இங்க வருது. புகார்ல அதையும் எழுதுங்க.

8 ஜூன், ஞாயிறு

லீவு நாளு, நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

எல்லாரும் படம் யாருது படம் யாருதுன்னே பேசறோம். இந்தத் தளங்களுக்கு நம்ம படத்து மேல ஆசையே கிடையாதுங்கறது என் எண்ணம். மெட்டாவோட 2024 வருமானம் 16,450 கோடி டாலர், அதுல 16,000 கோடிக்கு மேல விளம்பரம். உங்க பிளவுஸ் படத்த வித்து அதுல ஒரு டாலரும் வரல. அந்த பிளவுஸ யாரு எவ்வளவு நேரம் நின்னு பாத்தாங்க, அவங்க எந்த ஊரு, அடுத்த மாசம் வீட்டுல கல்யாணமா, அதான் சரக்கு. படத்தோட உரிமைய உங்க கிட்டயே விட்டுட்டாங்கன்னா அது தயவுல இல்ல, அவங்களுக்கு வேண்டியது அது கிடையாது.

நம்ம சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்குக்கு அல்சூர் ரோடு பூரா கடை போடறாங்களே, வளையல், பொரி, பலூன்னு. சரக்கு கடைக்காரருது, கூட்டம் சாமியுது. பல்லக்கு வேற தெருவுல திரும்பிடுச்சுன்னா சரக்க கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

திரும்பின கதை எவ்வளவு வேணும்? மைஸ்பேஸ்னு ஒரு பழைய சோஷியல் தளத்த 2005ல நியூஸ் கார்ப் 58 கோடி டாலருக்கு வாங்குச்சு, 2011ல 3.5 கோடிக்கு தள்ளி விட்டுச்சு. 2019ல பாத்தா, முதல் பன்னிரண்டு வருஷத்துல ஜனங்க ஏத்தின பாட்டெல்லாம் சர்வர் மாத்தும்போது அழிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பாட்டோட உரிமை இன்னைக்கும் பாடினவங்களுக்குத்தான். பாட்டைத்தான் காணோம். ஆர்குட் 2014 செப்டம்பர் 30ல மூடினாங்க, நம்ம பெங்களூர்ல எத்தனை காதல் அதுல ஆரம்பிச்சுது, சரி அதை விடுங்க. 2020 ஜூன் 29, ஒரே ராத்திரில டிக்டாக்கோட சேத்து 59 ஆப்புக்கு தடை. கே.ஆர்.புரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, டப்பாங்குத்து ஆடி லட்சக்கணக்குல ஃபாலோயர் வச்சிருந்தான், சின்னச் சின்ன கடைத் திறப்புக்கெல்லாம் காசு குடுத்து கூப்பிடுவாங்க. மறுநாள் காலைல அவனுக்கு வீடியோ எல்லாம் போன்ல இருந்துச்சு, பாக்கறதுக்கு ஆள்தான் இல்ல. ஷேர்சாட் அந்த வாரமே மோஜ்னு வீடியோ ஆப் ஆரம்பிச்சாங்க, அதுவும் நம்மூர் கம்பெனிதான், அங்க போனான், யூடியூபுக்கும் போனான். பழைய கூட்டத்துல பாதி கூட பின்னாடி வரல. நம்மூர்லயே பொறந்த, ட்விட்டர் மாதிரியான கூ ஆப், மந்திரிங்க எல்லாம் சேந்தாங்க, 2024 ஜூலைல மூடியாச்சு.

காசு விஷயத்துல இன்னும் கொடுமையானது ஹஃபிங்டன் போஸ்ட்ங்கற அமெரிக்கச் செய்தித் தளம். ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் இல்லாம கட்டுரை எழுதிக் குடுத்தாங்க, பேர் வருதேன்னு. 2011ல ஏஓஎல்ங்கற இன்டர்நெட் கம்பெனி அதை 31.5 கோடி டாலருக்கு வாங்கினதும், எங்களுக்கு பங்கு எங்கன்னு ஜோனதன் டசினிங்கறவர் எழுதினவங்க சார்பா வழக்கு போட்டாரு. 2012ல தள்ளுபடி. காசு கிடையாதுன்னு தெரிஞ்சேதானே எழுதினீங்கன்னு முடிச்சிட்டாங்க. எழுத்து அவங்களுது, வியாபாரம் இன்னொருத்தருது.

அதனால தங்கச்சி, உங்க பேஜுக்கு என்ன மதிப்புன்னு கேட்டா, வந்த கஸ்டமர் பேரும் நம்பரும் அளவும் எழுதின நோட்டு எங்க இருக்குன்னு திருப்பிக் கேப்பேன். டிஎம்ல (இன்ஸ்டா மெசேஜ்ல) மட்டும் இருந்தா அது உங்க கிட்ட இல்ல.

8 ஜூன், அதே ராத்திரி

"அப்ப தளமே வேண்டாங்கிறீங்களா"ன்னு கோவிச்சுக்கிட்டவருக்கு. எங்கய்யா சொன்னேன்? என் ஸ்டூடியோவுக்கு பாதி கல்யாணம் அங்கேருந்துதான் வருது. யூடியூப்ல பங்கு கூட குடுக்கறாங்க, நீள வீடியோ விளம்பரத்துல 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸ்ல நம்ம பங்குக்கு 45. இன்ஸ்டால வியூஸுக்கு காசு வரும்னு உக்காந்திருக்கறதுல பிரயோஜனம் இல்ல, அங்க காசு ஆர்டர்லயும் பிராண்டு கொலாபரேஷன்லயும்தான்.

10 ஜூன்

பேஜ விலைக்கு கேக்கற ஆள். குடுக்காதீங்க. அக்கவுண்ட்ட விக்கவோ வாங்கவோ கைமாத்தவோ கூடாதுன்னு இன்ஸ்டா விதிமுறைலயே இருக்கு. அவர் வாங்கப் போறது பாஸ்வேர்டு, அவருக்கு வேண்டியது ஃபாலோயர் எண்ணிக்கை. நாளைக்கு பேர மாத்தி அதுல சூதாட்ட ஆப் விளம்பரம் ஓட்டினா, பழைய பெயர் ஹிஸ்டரில உங்க கடை பேர் நிக்கும்.

அதை விட நெறைய பேர் மாட்டறது ஏஜென்சி கிட்ட. எங்க ஸ்டூடியோ பேஜ பாத்துக்க ஒரு ஏஜென்சிய வச்சிருந்தோம், இந்திரா நகர்ல கண்ணாடி ஆபீஸு, ஃபில்டர் காபி நல்லா இருக்கும். பேஜையும் விளம்பரத்தையும் பாத்துக்க மெட்டா குடுக்கற கணக்குக்கு பிசினஸ் மேனேஜர்னு பேரு, விளம்பர அக்கவுண்ட்ட அவங்க பிசினஸ் மேனேஜர்லயே திறந்துட்டாங்க. பில் தகராறுல பிரிஞ்சபோது பேஜ் என் கைல, விளம்பர சரித்திரம் பூரா அவங்க கைல: எந்தப் படத்துக்கு யாரு அமுக்கினாங்க, எந்த ஏரியாலேருந்து விசாரிச்சாங்க, ஒண்ணும் வரல. "அது எங்க டேட்டா சார்"னுட்டாங்க. காசு கட்டினது என் கார்டு. எந்த மார்க் ஜுக்கர்பர்க்கும் என் கிட்ட எடுக்காதத, நேர்ல கை குலுக்கின ஆள் எடுத்துக்கிட்டாரு.

பிசினஸ் மேனேஜர் உங்க பேர்ல, உங்க போன் நம்பர்ல திறங்க. ஏஜென்சிக்கு பார்ட்னர் அனுமதி மட்டும் குடுங்க.

11 ஜூன்

பிராண்டு கொலாபரேஷன் அக்ரிமெண்ட் பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க. ஒரு ரீலுக்கு கொஞ்சம் காசு குடுத்துட்டு, கீழ பொடி எழுத்துல "நிரந்தரமா, உலகம் பூரா, எல்லா ஊடகத்துலயும்"னு இருக்கும். அந்த வரிய அடிச்சுட்டு மூணு மாசம், இன்ஸ்டா மட்டும்னு எழுதச் சொல்லுங்க, பெரும்பாலும் ஒத்துக்கறாங்க, கேக்காததாலதான் அது அங்க இருக்கு. உரிமைய எழுதிக் குடுத்த பத்திரத்துல காலம் சொல்லலன்னா சட்டப்படி 5 வருஷம், எல்லை சொல்லலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். சட்டம் தர்ற அந்தப் பாதுகாப்ப நாமளே "நிரந்தரம்"னு கையெழுத்து போட்டு தள்ளிடறோம்.

பாட்டு! ரீலுக்கு சினிமாப் பாட்டு போடறது. பர்சனல் அக்கவுண்ட்ல தெரியற பாட்டு எல்லாம் வியாபாரத்துக்கு உபயோகிக்க அனுமதி உள்ளது கிடையாது, அதனாலதான் பிசினஸ் அக்கவுண்ட்டுக்கு மாத்தினதும் பாதி பாட்டு காணாம போகுது. மேரியட் ஓட்டல் மேல சோனி மியூசிக் 2024 மே மாசம் அமெரிக்கால வழக்கு போட்டாங்க, 900க்கும் மேற்பட்ட இடத்துல எங்க பாட்டுன்னு. நமக்கு பெரும்பாலும் வழக்கு வராது, ரீல் ஊமையாயிடும், அவ்வளவுதான், ஆனா நல்லா ஓடிக்கிட்டிருக்கற ரீல் முகூர்த்த மாசத்துல ஊமையானா வயிறு எரியும். நான் நாதஸ்வரக்காரர் கிட்டயே அனுமதி வாங்கி நேர்ல ரிக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன். கெட்டிமேளத்துக்கு யாரும் ஸ்ட்ரைக், அதாவது காப்புரிமைப் புகார், அடிக்கல, இதுவரைக்கும்.

ஸ்ட்ரைக்னதும் ஞாபகம் வந்துச்சு. யூடியூப்ல 90 நாளுக்குள்ள மூணு ஸ்ட்ரைக் விழுந்தா சேனலே போயிடும். போன மாசம் மோகக் மங்கல்ங்கற யூடியூபர், சில நொடி கிளிப்புக்கு ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஸ்ட்ரைக் போட்டு லைசென்ஸ் வாங்கச் சொல்லி லட்சக்கணக்குல கேட்டாங்கன்னு வீடியோ போட, அவங்க எங்க உரிமையத்தான் காக்கறோம்னு டெல்லி ஹைகோர்ட்ல அவதூறு வழக்கு போட்டாங்க. விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவு எடுத்துக்கலாம்னு 52வது பிரிவு சொல்லுது. எத்தனை நொடி நியாயம்னு அதுல எழுதல. அந்த ஓட்டைலதான் ரெண்டு பக்கமும் கை விடறாங்க.

13 ஜூன்

ஏஐ. கேக்காம இருப்பீங்களான்னு நினைச்சேன்.

முதல் நோட்டுல சொன்ன அகலமான லைசென்ஸ், இப்ப வேற வேலைக்கு உதவுது. 2024 நவம்பர் 15லேருந்து எக்ஸ் (பழைய ட்விட்டர்) விதிமுறைல, நீங்க போடறதை வச்சு மெஷினுக்கு பயிற்சி குடுக்கலாம்னு தெளிவாவே சேத்துட்டாங்க. ரெடிட்ங்கற அரட்டைத் தளம், ஜனங்க அங்க எழுதினத கூகுளுக்கு திறந்து விட்டதுக்கு வருஷத்துக்கு 6 கோடி டாலர்னு 2024 பிப்ரவரில செய்தி வந்துச்சு. எழுதினது அவங்கவங்களுக்கே சொந்தம்னுதான் ரெடிட் விதிமுறையும் சொல்லுது. ஞாயித்துக்கிழமை "படத்து மேல ஆசை இல்ல"ன்னு எழுதினேனே, அது விளம்பரக் காலத்துக்கு சரி, இனிமே படமும் எழுத்தும் கூட சரக்குதான். ஒரு மயில் படத்துக்கு விலை இல்ல, கோடி மயிலுக்கு இருக்கு. சாட்ஜிபிடி பண்ற ஓப்பன்ஏஐ மேல ஏஎன்ஐ போட்ட வழக்கு டெல்லி ஹைகோர்ட்ல 2024 நவம்பர்லேருந்து நடக்குது, அதுல என்ன சொல்றாங்களோ அதான் நம்ம ஊர் நிலைமை. அதுவரைக்கும் முழு அளவு ஃபைல ஏத்தாதீங்க, போன்ல பாக்கற அளவு போதும்.

14 ஜூன்

தங்கச்சி மெசேஜ் பண்ணாங்க, சிக்பேட்டைக்காரர் போஸ்ட்ட எடுத்துட்டாராம். ஃபார்ம் போட்டதாலயா, இவங்க அண்ணன் நேர்ல போய் நின்னதாலயான்னு சொல்ல முடியாது. அண்ணன் கொஞ்சம் ஓங்குதாங்கான ஆளு.

15 ஜூன்

வரி கேட்டவருக்கு. பிராண்டு சும்மா குடுத்த போன நீங்களே வச்சுக்கிட்டா அது வருமானம். வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல போனா 10 சதவீதம் டிடிஎஸ், 2022 ஜூலைலேருந்து. வீடியோ எடுத்துட்டு திருப்பிக் குடுத்துட்டா கிடையாது. யூடியூப் காசுல அமெரிக்காக்காரங்க பாத்த பங்குக்கு அந்த ஊர் வரி பிடிப்பாங்க, காசு வர்ற ஆட்சென்ஸ் கணக்குல வரி விவரம் குடுத்து இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தம்னு தேர்ந்தெடுத்தா 15 சதவீதத்தோட நிக்கும், குடுக்கலன்னா மொத்த வருமானத்துலயும் 24 வரைக்கும் பிடிப்பாங்க. ஜிஎஸ்டி தனிக் கதை, உங்க ஆடிட்டர் கிட்ட பேன் கார்டோட போங்க, ஜூலை முடியறதுக்குள்ள போங்க, ஆகஸ்ட்டுக்கு மேல போன் எடுக்க மாட்டாரு.